பக்கத்து சீட்டின் எடை

கல்யாணமான முதல் சில வருடங்கள் நானும் என் மனைவியும் குடும்பம் நடத்தியது ஒரு காருக்குள்தான். வீடு என்று ஒன்று ஈப்போ பட்டணத்தை ஒட்டிய புந்தோங்கில் இருந்தது. அதில் என் அக்கா இருந்தாள், அடுப்பு இருந்தது, சாமி படம் இருந்தது. என் மனைவிக்கு வேலை தெற்கே கடலோரத்தில் பாகான் டத்தோ பக்கம், தென்னைகளுக்கு நடுவே ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில். எனக்கு வேலை செமோர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், மின்சாரப் பிரிவில். அவள் மாற்றல் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். மேலிடம் யோசித்துக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் ஆலை வாசலிலிருந்து நேரே கிளம்பிவிடுவேன். கம்பார், லங்காப், தெலுக் அன்சன் என்று தெற்கே இறங்கி, ஊத்தான் மெலிந்தாங் தாண்டினால் காற்றில் உப்பு வாசம் வரும். தெலுக் அன்சனுக்கு இப்போது தெலுக் இந்தான் என்று பெயர். பள்ளிக் குவார்ட்டர்ஸ் வாசலில் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு அவள் நிற்பாள். ஏற்றிக்கொண்டு வருவேன். ஞாயிறு மாலை அதே சாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவேன்.

நடுவில் இருக்கும் நேரம் எங்களுடையதில்லை. துணி துவைக்க வேண்டும், மார்க்கெட் போக வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், யார் வீட்டிலாவது பிள்ளைக்குக் காது குத்து இருக்கும். எங்கள் அறைக்கும் அக்காவின் அறைக்கும் நடுவே பலகைச் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் தைலம் எடுத்துக்கொண்டு வருவாள். ஆகவே வாரம் முழுக்க நான் காத்திருந்தது அந்த வெள்ளிக்கிழமைத் திரும்பு பயணத்துக்காகத்தான். அதில் என்ன நடக்கும் என்றால், ஊத்தான் மெலிந்தாங் வருவதற்குள் அவள் தூங்கிவிடுவாள்.

ஒரே அறையில் மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்ப்பவள். தொண்டை போயிருக்கும், கால் போயிருக்கும். காரில் ஏறியதும் இரண்டு வார்த்தை பேசுவாள். மூன்றாவது வார்த்தை பாதியில் நிற்கும். நான் சொல்வதற்கென்று சேர்த்து வைத்ததெல்லாம் என் வாயிலேயே ஊறிக் கிடக்கும். எழுப்ப மனம் வராது. வயிற்றெரிச்சலாகவும் இருக்கும், அவள் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, கேன்வாஸ் கூரை, கரும்பச்சை நிறம். நாங்கள் பிறந்து வளர்ந்த செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கடைசியாக இருந்த வெள்ளைக்காரத் துரையுடையது. தோட்டத்தை விற்று அவர் ஊருக்குக் கப்பலேறியபோது அது கைமாறி, மறுபடியும் கைமாறி, ஒரு குத்தகைக்காரர் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றது. அங்கிருந்துதான் வாங்கி வந்தேன். கல்யாணமாகாத வயதில் வாங்கியது, புத்தி அவ்வளவுதான் என்று அக்கா யாரிடமும் சொல்வாள்.

தோட்டத்தில் அந்தக் கார் வரும் சத்தம் கேட்டாலே அப்பா சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பார். பால்மரம் வெட்டிவிட்டு வாளியோடு வரும் பெண்கள் சாலையோர வடிகால் கானோரம் ஒதுங்குவார்கள். அக்காவும் அப்படி ஒதுங்கியவள்தான். கணவனை இழந்து, தோட்டமும் துண்டு துண்டாகப் போன பிறகு என்னோடு புந்தோங் வந்தாள். நான் அதே காரை வீட்டுக்கு ஓட்டி வந்த பின்னும், வாசல் கூட்டிக்கொண்டிருக்கும்போது அந்த இன்ஜின் சத்தம் கேட்டால் துடைப்பத்தோடு ஓரமாகப் போய் நிற்பாள். பிறகு உள்ளே இருப்பது நான்தான் என்று நினைவு வந்து திட்டுவாள்.

ஒரு வருடம் மழைக்காலத்துக்கு முன்பு காரின் முன்பக்கம் சத்தம் போட ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் டொக் என்று ஒரு அடி. பிரேக் போட்டால் இடது பக்கம் இழுத்தது. கடலோரச் சாலையில் இடது பக்கம் என்றால் பாரிட், அதாவது தோட்டத்துத் தண்ணீர் ஓடும் ஆழமான கால்வாய். அடியில் படுத்துப் பார்த்தேன். முன் சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகள் சட்டத்தோடு சேரும் இடத்தில் புஷ் இருக்கும். ஓர் இரும்புக் குழல், அதைச் சுற்றித் தடித்த ரப்பர், அவ்வளவுதான். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். என் காரில் ரப்பர் பொடிந்து, குழல் இரும்பில் மோதிக்கொண்டிருந்தது.

ஈப்போவில் பழைய இங்கிலீஷ் கார்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. அதன் தவுக்கே, அதாவது முதலாளி, எதற்கும் அவசரப்படாத சீனர். பெட்டிகளுக்கு நடுவே புகுந்து, தூசி தட்டி, ஒரு முழு செட் எடுத்துப் போட்டார். இங்கிலாந்திலிருந்து வந்தது, கடைசி செட், இனி வராது என்று மலாயில் சொன்னார். கையில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் பால் உறைந்து ஷீட்டாகிக் காய்கிற வாசம் லேசாக இருந்தது. எங்கள் ஆட்கள் வெட்டிய பாலாகக்கூட இருக்கலாம், சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்திருக்கிறது என்று சொன்னேன். தவுக்கே சிரிக்கவில்லை.

ஆயுத பூசை நெருங்கியிருந்தது. புது சாமான், பூசையில் வைத்துவிட்டு மாட்டலாம் என்று தோன்றியது. நானே கொண்டுபோய் ஸ்பேனர்களோடு சாமி முன் வைத்தேன். அக்கா தன் பழைய பால்வெட்டுக் கத்தியையும் பக்கத்தில் வைத்தாள். எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்தோம். அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. எனக்கு ஆலையில் அடுத்தடுத்து ஓவர்டைம் வந்தது, புஷ்கள் சாமி மேடையிலேயே கிடந்தன. மழை பிடித்துக்கொண்டது. குழல் இரும்பாயிற்றே, ஈரத்துக்குத் துருப்பிடித்துவிடுமே என்று அக்காவுக்குக் கவலை. தம்பி கேட்டுக் கேட்டு வாங்கிய சாமான். ஒரு சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி எல்லாவற்றையும் அதில் மூழ்கப் போட்டு, மூடி வைத்துவிட்டாள்.

நான் எடுத்துப் பார்த்தபோது ரப்பர் ஊறிப் பருத்திருந்தது. அமுக்கினால் விரல் பதிந்தது. குழல் மட்டும் பளபளவென்று இருந்தது.

எனக்குக் கோபம் மூக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். இத்தனை வருடம் ரப்பர் மரத்தோடு கிடந்தவளுக்கு ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்று தெரியாதா என்று கத்தினேன். அவள் நிதானமாகக் கேட்டாள்: "நா பாலு வெட்டுனேன், வாளியில ஊத்துனேன், கிராணி எடை போட்டு எழுதிக்கிட்டான். அதுக்கு மேல அது எங்க போச்சி, என்னா ஆச்சின்னு எங்களுக்கு யாரு சொன்னா?"  சந்தனப் பொட்டு வைத்துச் சாமி மேடையில் வைத்தவன் நான்தானே என்று அவள் சொல்லாமல் விட்டது பெரிய மனசு.

மறுபடியும் தவுக்கேயிடம் போய் நின்றேன். அவருடைய உறவினர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். அவர் மூலம் கிடைத்தாலும் கிடைக்கும், காத்திருக்க வேண்டும் என்றார். அவசரமென்றால் வெள்ளை நைலானில் கடைசல் பிடித்துத் தருகிறேன் என்று ஒரு மாதிரியை மேசையில் வைத்தார். கல் மாதிரி இருந்தது. தேயாது, எண்ணெய் பட்டாலும் ஒன்றும் ஆகாது, ஸ்டீரிங் நூல் பிடித்த மாதிரி நிற்கும். ஆனால் சாலையில் கிடக்கும் சிறு கல்லும் நேரே முதுகெலும்புக்கு வந்துவிடும் என்று அவரே சொன்னார். நல்ல வியாபாரி.

ஆண்டிறுதி விடுமுறையில் அவள் வீட்டில் இருந்ததால் கொஞ்ச நாள் தப்பித்தோம். பள்ளி திறந்ததும் டொக் டொக் என்று அதே சாலை, அதே பாரிட். இனித் தள்ளிப்போட முடியாது என்று வெள்ளை நைலானுக்குச் சொல்லிவிட்டேன். அது தயாரான வாரத்திலேயே சிங்கப்பூரிலிருந்து கறுப்பு ரப்பர் செட்டும் வந்து சேர்ந்தது. இல்லாதபோது ஒன்றும் இல்லை, வந்தபோது இரண்டும்.

அந்த வாரம் முழுக்க இரண்டு செட்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுகிறவனுக்கு வெள்ளைதான் சரி. வளைவில் கார் சொன்ன பேச்சு கேட்கும். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது. கார் கொஞ்சம் உலுக்கினால் அவள் விழித்திருப்பாள், என்னோடு பேசிக்கொண்டு வருவாள். அப்புறம் வெள்ளிக்கிழமைகளில் பையோடு நிற்கும் அவள் முகம் ஞாபகம் வந்தது. வாரத்தில் அவள் நிம்மதியாகத் தூங்குவதே என் காரில்தான் போலிருக்கிறது. அதிலும் கல்லைப் போடுவதா? கறுப்பு என்று முடிவு செய்தேன்.

ரப்பர் புஷ்ஷுக்கு ஒரு முறை உண்டு. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். சக்கரம் தரையில் நிற்க வேண்டும். வழக்கமாக ஏறுகிறவர்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த எடையில் அது எப்படி நிற்கிறதோ அதுதான் அதன் இயல்பு என்று வைத்து இறுக்க வேண்டும். பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்கள் என்று தெரியாமல் அதை மாட்ட முடியாது. வாரத்தின் நடுவில் எனக்கு நேரம் இருந்தும் அவள் வரும்வரை காத்திருந்தது அதனால்தான்.

சனிக்கிழமை மத்தியானம், பழைய ரயில் கட்டைகளை அடுக்கி அதன்மேல் காரை ஏற்றி நிறுத்தினேன். இரும்புக் கைகளைக் கழற்றி, பழைய புஷ்களைத் தட்டியெடுத்து, கறுப்பை ஏற்றி மாட்டி, சக்கரங்களைக் கட்டைகள்மேல் நிற்க வைத்தாயிற்று. கடைசி இறுக்கம்தான் பாக்கி. அவளைக் கூப்பிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தேன். ஓட்டுகிற சீட்டில் என் எடைக்கு ஆள் வேண்டும். அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா வர மாட்டேன் என்றாள். தொரை சீட்டு, எனக்கு எதுக்கு என்றாள். பிறகு முந்தானையால் சீட்டைத் தட்டிவிட்டு, எதையும் தொடாமல் உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். என் எடைக்கு அவள் காணாது. மடியில் ஓர் அரிசிப் பையைத் தூக்கி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அடியில் படுக்கக் குனிந்தபோது பார்த்தேன்; அவளுடைய ஒரு கை ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தது. தெருவில் போன பக்கத்து வீட்டுக்காரர் எங்கே பயணம் என்று கேட்டார். தோட்டத்துக்கு, பெரட்டு எடுக்க, என்று அக்கா சொன்னது எனக்குக் கேட்டது. தோட்டத்தில் விடிகாலை ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்போம். மேலே இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கார் ஆடியது. நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் நிற்கக் காத்திருந்தேன்.

அதற்குள் அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. அக்கா அரிசிப் பையைச் சீட்டில் இருத்திவிட்டு உள்ளே ஓடினாள். அவள் எடை போனதும் கார் ஒரு பக்கம் எழும்பியது. எப்படியும் அவள் வந்தால்தான் இறுக்க முடியும். நான் மல்லாக்கப் படுத்திருந்தேன்.

மேலேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. சாப்பாட்டு மேசையில் வெள்ளையாக ஒன்று இருக்கிறதே, அது என்ன என்று கேட்டாள். சொன்னேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொன்னேன். வெள்ளையைப் போட்டால் நீ தூங்க முடியாது, அதனால்தான் கறுப்பு என்றேன். 

"அப்படின்னா வெள்ளைய போடுங்க," என்றாள்.

காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது. "நீ தூங்கட்டுமேன்னுதான்லா இத தேடிப் புடிச்சேன்," என்றேன்.

"தெரியும். மெத்தையா இருந்தா நா தூங்கிருவேன். திங்கக்கெழம நடந்தத வெள்ளிக்கெழம வரைக்கும் ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். கார்ல ஏறுனா கண்ணு சொக்கிருது. முழிச்சிப் பாத்தா புந்தோங் வந்துருது. வந்தா வீடு, வேல, அக்கா." குரல் தாழ்ந்தது. "ஒங்ககிட்ட பேச எனக்கு இருக்கிறது அந்த ரோடு ஒண்ணுதாங்க."

என் முகத்துக்கு நேர் மேலே அவள் கால் இருந்த இடம். நடுவில் தகரம் ஒன்று. நான் கையை நீட்டி அந்தத் தகரத்தில் உள்ளங்கையை வைத்தேன். அவளுக்குத் தெரியாது. இத்தனை நாள் நான் மட்டும்தான் ஏங்கிக் கிடப்பதாக நினைத்திருந்தேன். அந்த நினைப்பு போனதில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மாட்டியதை எல்லாம் மறுபடியும் கழற்றினேன். அக்கா கரண்டியோடு வெளியே வந்து பார்த்து, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஞாயிறு மத்தியானம் வெள்ளையை மாட்டி முடித்தேன். வெள்ளைக்கு எடை பார்க்கத் தேவையில்லை. அது முறுக்கிக்கொள்ளாது, எப்படி இறுக்கினாலும் சரிதான். யாரும் உட்கார வேண்டாம் என்று சொன்னேன். ஆனாலும் அவள் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் முடிக்கும்வரை காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை கிளம்பினோம். தவுக்கே சொன்னது பொய்யில்லை. கம்பார் தாண்டுவதற்குள் பல் ஆடியது. தெலுக் அன்சனுக்குப் பிறகு சாலை கெட்டுப்போனபோது கார் முழுவதும் கிடுகிடுத்தது. இன்ஜினும் கேன்வாஸும் சேர்ந்து போட்ட இரைச்சலில் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் கத்தினாள். வாய்ப்பாடு சொல்லாமல் தென்னை மரத்தில் ஏறிக்கொண்ட பையனைப் பற்றி, குவார்ட்டர்ஸ் கூரையில் குடியிருக்கும் குரங்கைப் பற்றி. சாயங்காலம் எந்தக் கார் சத்தம் கேட்டாலும், அது வெள்ளிக்கிழமை இல்லை என்று தெரிந்தும், வாசலுக்கு வந்து பார்ப்பதைப் பற்றி. அதையும் கத்தித்தான் சொன்னாள். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போன மலாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். நானும் கத்தினேன். வீட்டில் முணுமுணுக்கக்கூட வெட்கப்பட்டதையெல்லாம் அந்தத் தென்னைகளுக்கு நடுவே தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டோம்.

அப்படி எத்தனையோ வெள்ளிக்கிழமைகள். ஏறும்போதே இன்றைக்கு நான் முதலில் என்பாள். முதுகு வலிக்கும், சிரித்தால் நாக்கைக் கடித்துக்கொள்வோம். என் வாழ்க்கையில் என் பேச்சை ஒருவர் முழுதாகக் கேட்டதும், நான் ஒருவர் பேச்சை முழுதாகக் கேட்டதும் அந்தக் காரில்தான்.

பிறகு மாற்றல் வந்தது. ஈப்போவிலேயே, பஸ் ஏறினால் போய்விடக்கூடிய பள்ளி. அக்கா பாயசம் வைத்தாள். நாங்கள் இருவரும் குதிக்காத குறை. பிள்ளைகள் பிறந்தார்கள், இரண்டு சீட்டுக்குள் குடும்பம் அடங்கவில்லை, காரை விற்றோம். மாட்டாத கறுப்பு செட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். அடியில் இருப்பது என்ன என்று வாங்கியவர் கேட்டதற்கு, பேசுகிற புஷ் என்றேன். அவருக்குப் புரியவில்லை, நானும் விளக்கவில்லை.

அதன்பின் நாங்கள் பிரிந்து இருந்ததே இல்லை. ஒரே வீட்டில் தினமும் பார்த்துக்கொண்டோம். பால் வாங்கியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று பேசிக்கொண்டோம். எங்களுக்குள் சண்டை ஏதும் இல்லை. எப்போதும் பேசலாம் என்றான பிறகு எப்போதாவது பேசலாம் என்று ஆகிவிட்டது.

சில காலத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக அதே பக்கம் போய்த் திரும்பினோம். இப்போது இருப்பது சாதுவான கார், சத்தமில்லை, ஆட்டமில்லை. சாலையும் நன்றாகப் போட்டிருக்கிறார்கள். தென்னை இருந்த இடமெல்லாம் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை. ஊத்தான் மெலிந்தாங் வருவதற்குள் அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அந்த வெள்ளைப் புஷ் மேல் அப்படி ஓர் ஏக்கம் வந்தது. யாரும் பின்னால் வரவில்லை என்று பார்த்துவிட்டு, இடது சக்கரத்தை வேண்டுமென்றே சாலையோரக் கற்களில் இறக்கினேன். கார் தடதடவென்று அதிர்ந்தது. மறுபடியும் மேலே ஏற்றிக்கொண்டேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"நா தூங்கல," என்றாள். "நீங்க பேசுவீங்கன்னு ஊத்தான் மெலிந்தாங்லேருந்து பாத்துக்கிட்டு வாரேன்."

எதைச் சொல்வதென்று தேடிப் பார்த்தேன். வழவழவென்று சாலை போய்க்கொண்டிருந்தது. காரை மறுபடியும் அந்தக் கற்களிலேயே இறக்கி, மெதுவாக ஓட்டினேன்.